ஒரு மருந்துக் கவரை எப்படி வடிவமைப்பது? நல்ல டிசைனுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

சில வருடங்களுக்கு முன்னால் சிற்றூர் ஒன்றிலிருந்து ஒரு டாக்டர் கூப்பிட்டார். பத்துப் படுக்கை உள்ள மருத்துவமனை, வாசலை ஒட்டியே மருந்துக் கடை. "மருந்துக் கவர் ரொம்பப் பழசா இருக்கு தம்பி, கொஞ்சம் அழகாப் போட்டுக் குடுங்க" என்றார். ஒரு நாள் வேலை என்று நினைத்து ஒப்புக்கொண்டேன். முடிய ஐந்து மாதம் ஆயிற்று.

செயலிகளுக்குத் திரை வரைவதுதான் என் பிழைப்பு. நடுவில் கல்யாணப் பத்திரிகை, கடைப் பலகை என்று கைக்கு வந்ததையும் செய்திருக்கிறேன். டிசைன் என்றால் என்ன, எங்கே ஆரம்பிப்பது என்று யாராவது கேட்டால் நான் எடுத்துக் காட்டுவது இந்தக் கவரைத்தான். சின்னப் பொருள் என்பதால் செய்த தப்பு எல்லாம் அதில் பளிச்சென்று தெரியும். பாலம் கட்டுகிறவரும் பாட்டு எழுதுகிறவரும் செய்வது வேறு வேறு வேலை. ஆனால் இருவரும் தடுக்கி விழும் இடங்களைப் பார்த்தால் பெரும்பாலும் ஒரே இடங்களாகத்தான் இருக்கும். கவர் வேலை நடந்த வரிசையிலேயே சொல்லிக்கொண்டு போகிறேன். அந்தந்தக் கட்டத்தில் பெரிய ஆட்கள் என்ன செய்தார்கள் என்பதையும் சேர்த்துப் பார்ப்போம்.

படி 1: கேட்டதற்குப் பின்னால் இருப்பதைக் கேளுங்கள்

வேலை கொடுப்பவர் பிரச்சினையைச் சொல்லுவது அபூர்வம். தனக்குத் தோன்றிய தீர்வைத்தான் சொல்லுவார். "அழகாப் போட்டுக் குடுங்க" என்பதும் ஒரு தீர்வுதான். அதனால் எது சரியாக வேண்டும் என்று கேட்டேன். டாக்டர் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "வயசானவங்க மாத்திரைய மாத்திப் போட்டுடறாங்க. காலையில போடற பிரஷர் மாத்திரைய ராத்திரியும் போட்டுட்டுத் தலை சுத்துதுன்னு வந்து நிக்கறாங்க" என்றார். அழகு அந்த இடத்திலேயே இரண்டாம் வரிசைக்குப் போய்விட்டது.

கேள்வியைத் திருப்பிப் போட்டதால் பிறந்த பொருளுக்கு 'ஜெய்ப்பூர் கால்' என்ற செயற்கைக் காலைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. அன்றைக்கு வெளிநாட்டு முறையில் செய்த செயற்கைப் பாதங்கள், ஷூ போட்டு நடந்து நாற்காலியில் உட்காருகிறவரை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டவை. நம் நாட்டு விவசாயிக்கு அதை மாட்டிவிட்டால் குத்தவைத்து உட்கார முடியாது, சம்மணம் போட முடியாது, ஷூ இல்லாமல் சேற்றில் இறங்க முடியாது. வாங்கிப் போனவர்கள் அதை மூலையில் வைத்துவிட்டு ஊன்றுகோலுக்கே திரும்பினார்கள். "இதை எப்படி மலிவாகத் தருவது?" என்று கேட்டிருந்தால் மலிவான ஒரு மூலைப் பொருள்தான் கிடைத்திருக்கும். ஜெய்ப்பூரில் எலும்பு மருத்துவர் பி.கே. சேத்தியும், அதிகம் படிக்காத கைவினைஞர் ராம் சந்திர சர்மாவும் வேறு கேள்வியில் ஆரம்பித்தார்கள்: இங்கே ஒரு மனிதன் காலை வைத்து என்னென்ன செய்கிறான்? 1968-ல் உருவான அந்தப் பாதம் வல்கனைஸ் செய்த ரப்பரால் ஆனது. வெறுங்காலோடு நடக்கலாம், தண்ணீரில் இறங்கலாம், தரையில் உட்காரலாம்.

கேள்வி கிடைத்ததும் அதை ஒரே வாக்கியமாக எழுதிச் சுவரில் ஒட்டிவிடுங்கள். யாருக்கு, எந்த நேரத்தில், என்ன நடக்க வேண்டும் என்ற மூன்றும் அதில் இருக்க வேண்டும். நான் ஒட்டியது இது: "படிக்கத் தெரியாத, கண் மங்கிய ஒருவர், ராத்திரி வீட்டில் தனியாக இருக்கும்போது, யாரையும் கேட்காமல் சரியான மாத்திரையை எடுக்க வேண்டும்." அடுத்த ஐந்து மாதத்தில் என்னைப் பல தடவை காப்பாற்றியது அந்தக் காகிதம்தான். கதை எழுதும் நண்பர் ஒருவரும் இப்படித்தான் செய்கிறார். கடைசிப் பக்கத்தை மூடும்போது வாசகர் யார் பக்கம் நிற்க வேண்டும் என்று ஒரு வரி எழுதி மேசையில் வைத்துக்கொள்வார்.

படி 2: போய் உட்காருங்கள், வாயைத் திறக்காதீர்கள்

இரண்டு நாள் மருந்துக் கடைக்குள் ஒரு ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். மருந்து கொடுக்கும் அக்கா ஒவ்வொரு மாத்திரையையும் தனித்தனிக் கவரில் போட்டு, மேலே 1-0-1 என்று எழுதி, "காலையில ஒண்ணு, நைட்டு ஒண்ணு, புரிஞ்சுதா?" என்பார். எல்லோரும் "புரிஞ்சுது கண்ணு" என்றார்கள். ஒருவர்கூட இல்லை என்று சொல்லவில்லை. பின்னால் இருபது பேர் வரிசையில் நிற்கும்போது எனக்குப் புரியவில்லை என்று யார் சொல்லுவார்?

அதற்குப் பிறகு நடந்ததுதான் விஷயம். ஒரு பாட்டி கடையை விட்டு இறங்கியதும் நான்கு கவர்களிலிருந்தும் மாத்திரை அட்டைகளை உருவி எடுத்து, கவர்களைக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு, அட்டைகளைச் சுருக்குப் பையில் திணித்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டைப் பார்த்து நடந்தார். நான் அழகுபடுத்த வந்த பொருள் வீட்டுக்கே போகவில்லை! கவர் பெரிது, சுருக்குப் பை சின்னது, அவ்வளவுதான் காரணம். இன்னொருவர் கவரை வேட்டி மடிப்பில் செருகினார். வீடு போய்ச் சேரும்போது வியர்வையில் பால்பாயிண்ட் எழுத்து என்ன கதி ஆகியிருக்கும் என்று ஊகித்துக்கொண்டேன்.

இரண்டாம் நாள் மதியம் புதையல் கிடைத்தது. மீதி மாத்திரையைக் காட்ட ஒரு தாத்தா வந்திருந்தார். காலை மாத்திரைகளை எல்லாம் சேர்த்து ரப்பர் பேண்ட் போட்டிருந்தார். ராத்திரி மாத்திரைகள் பழைய திருநீற்று டப்பா ஒன்றில் இருந்தன. "ராத்திரி திருநீறு பூசிட்டுத்தானே படுப்பேன், அப்பவே எடுத்துப் போட்டுக்குவேன்" என்றார். கடை மருந்தின் பெயரை வைத்துப் பிரித்துக் கொடுக்கிறது. அவரோ வேளையை வைத்துப் பிரித்துக்கொள்கிறார். ஜனங்கள் தாங்களே ஒட்டுப்போட்டுச் சரிசெய்துகொண்ட பொருளை எங்கே பார்த்தாலும் நின்று கவனியுங்கள். பாதி டிசைன் அங்கேயே முடிந்து கிடக்கும்.

பார்க்கும்போது என்ன குறித்துக்கொள்வது என்று கேட்பீர்கள். கை எங்கே போகிறது, எதைத் தூக்கி எறிகிறார்கள், எதை இரண்டாம் தடவை கேட்கிறார்கள், இந்த மூன்றும் போதும். கருத்துக் கேட்பதை அப்புறம் வைத்துக்கொள்ளலாம். கருத்தில் மரியாதை கலந்துவிடும், கையில் கலக்காது. அப்புறம், பயன்படுத்துகிறவர் ஒருவர் மட்டும் என்று நினைக்க வேண்டாம். கவரை ஒரு நாளைக்கு நூறு தடவை தொடுவது அந்த அக்கா. அவருக்கு ஒரு ஆளுக்கு ஒரு நிமிடம்கூடக் கிடையாது. அவருக்கு வேலை கூடும் எந்த டிசைனும் ஒரு வாரத்தில் செத்துவிடும்.

படி 3: எது சுவர், எது திரைச்சீலை?

இப்போது தடைகளை எழுத வேண்டும். என் பட்டியல்: பழைய கவரைவிட ஒரு பைசா கூடக் கூடாது. உள்ளூர் அச்சகத்தில் இருப்பது மினி ஆஃப்செட், அடிப்பது ஒரே கலர். சுருக்குப் பைக்குள் போக வேண்டும். அக்காவுக்கு எழுத்து வேலை கூடக் கூடாது. இது போக, முன்பக்கத்தில் பாதியை மருத்துவமனைப் பெயரும் டாக்டரின் பட்டங்களும் பிடித்திருந்தன.

தடை என்றதும் முகம் சுளிப்பவர்கள் வெண்பா எழுதிப் பார்க்கலாம். வெண்டளை தப்பக் கூடாது, ஈற்றடியில் மூன்றே சீர், அந்தக் கடைசிச் சீரும் நாள், மலர், காசு, பிறப்பு என்ற நான்கு வாய்பாட்டில் ஒன்றில் முடிய வேண்டும். இவ்வளவு நெருக்கடிக்குள் நின்றுதான் காளமேகம் சிலேடை பாடிவிட்டுப் போனார். "எதை வேண்டுமானாலும் எழுது" என்றால் பேனா நகராது. "காசு என்று முடி" என்றால் மூளை தேட ஆரம்பிக்கும்.

ஆனால் எல்லாத் தடையும் உண்மையான தடை இல்லை. சிலது சுவர், முட்டினால் மண்டை உடையும். சிலது திரைச்சீலை, விலக்கிவிட்டுப் போய்விடலாம். டாக்டரின் பெயரும் பட்டமும் தொடக்கூடாத சுவர் என்று நானாக முடிவு கட்டி, அரை நாள் அதைச் சுற்றிச் சுற்றி வரைந்து தீர்த்தேன். கடைசியில் போன் போட்டுக் கேட்டால், "அதப் பின்னாடி போட்டுக்கங்க தம்பி, இதுக்கா யோசிச்சீங்க?" என்கிறார்.

லண்டன் சுரங்க ரயிலின் வரைபடம் இப்படி ஒரு திரைச்சீலையை விலக்கியதில் பிறந்தது. வரைபடம் என்றால் தூரமும் திசையும் சரியாக இருக்க வேண்டும் என்று அதுவரை யாரும் சந்தேகப்படவில்லை. அதனால் நடு நகரத்தில் நிலையங்கள் நெருக்கியடித்தன, புறநகரில் காகிதம் காலியாகக் கிடந்தது. மின் வரைபடங்கள் வரைந்து பழகிய ஹாரி பெக் 1931-ல் ஒன்றைக் கண்டார்: பூமிக்கு அடியில் போகிற பயணிக்கு மேலே எந்தத் தெரு இருந்தால் என்ன? எங்கே ஏறி, எங்கே மாறி, எங்கே இறங்குவது என்று தெரிந்தால் போதும். எல்லாப் பாதையையும் நேர்க்கோடாகவும் 45 பாகைச் சாய்வாகவும் இழுத்துவிட்டார், தேம்ஸ் நதியை மட்டும் அடையாளத்துக்கு விட்டு வைத்தார். நிர்வாகம் முதலில் வேண்டாம் என்றது. 1933-ல் சட்டைப் பைக்குள் அடங்கும் வரைபடமாக அச்சிட்டுக் கொடுத்ததும் ஜனங்கள் பிடித்துக்கொண்டார்கள். இன்று உலகத்தின் பாதி மெட்ரோக்களில் தொங்குவது அந்த யோசனையின் பேரன் பேத்திகள்தான்.

படி 4: நிறைய வரையுங்கள், அசிங்கமாக வரையுங்கள்

இந்தப் படியில் கம்ப்யூட்டரைத் தொடாதீர்கள். திரையில் வரைந்தால் முதல் யோசனையே முடிந்த வேலை மாதிரி மினுங்கும், அப்புறம் அதைக் கொல்ல மனசு வராது. பழைய கவர்களின் பின்பக்கத்தில் பென்சிலால் இருபதுக்கு மேல் கிறுக்கினேன். கடிகார முகம், சூரியன் நிலா, மாத்திரைக்கு ஒரு எண், தீப்பெட்டி மாதிரி இழுக்கும் பெட்டி (அச்சகக்காரர் சிரித்தார்), வேளைக்கு ஒரு கவர். முதல் ஏழெட்டு எல்லோருக்கும் தோன்றுவதுதான். அவை தீர்ந்து, இனி எதுவும் இல்லை என்று கை நின்ற பிறகு வருவதில்தான் சரக்கு இருக்கும்.

பெரிய ஓவியர்களுக்கு நேராக வந்துவிடும் என்று நினைப்பவர்களுக்கு ஒன்று. பிக்காசோ 1937-ல் 'குவெர்னிகா' வரைந்தபோது அதற்காகச் செய்த முன்வரைவுகள் நாற்பதுக்கு மேல். பெரிய கித்தானில் வரைய ஆரம்பித்த பிறகும் உருவங்களை இடம் மாற்றிக்கொண்டே இருந்தார். புகைப்படக் கலைஞர் டோரா மார் கட்டம் கட்டமாக எடுத்த புகைப்படங்களில் அது அப்படியே பதிவாகியிருக்கிறது.

கடைசியில் ஒன்றைத் தேர்ந்தெடுக்காதீர்கள். ஒன்றுக்கொன்று ஒத்துவராத மூன்றை எடுங்கள். ஒன்றைக் காட்டினால் "நல்லா இருக்கு" என்பார்கள். மூன்றைக் காட்டினால்தான் வாய் திறப்பார்கள்.

படி 5: மலிவாகச் செய்யுங்கள், சீக்கிரம் உடையட்டும்

என்னைக் கேட்டால் டிசைனில் முக்கால் பங்கு இந்தப் படிதான். அதனால் கொஞ்சம் நின்று பேசுவோம்.

மனிதன் தன் தசை பலத்தால் மட்டும் விமானம் ஓட்ட முடியுமா? அரை மைல் இடைவெளியில் இரண்டு கம்பங்கள், அவற்றைச் சுற்றி எட்டு வடிவத்தில் பறக்க வேண்டும். பிரிட்டிஷ் தொழிலதிபர் ஹென்றி கிரெமர் 1959-ல் இதற்குப் பரிசு அறிவித்தார். பதினேழு வருடம் பலர் முயன்றும் யாராலும் முடியவில்லை. பரிசு 50,000 பவுண்டாக ஏறியிருந்தது. அமெரிக்க எஞ்சினியர் பால் மெக்கிரெடி ஒரு உறவினரின் கடனுக்கு ஜாமீன் நின்று மாட்டிக்கொண்டவர். கடன் தொகையும் பரிசுத் தொகையும் கிட்டத்தட்ட ஒன்றாக இருப்பதைக் கவனித்த பிறகுதான் அவருக்கு மனிதப் பறத்தலில் ஆர்வம் பிறந்தது. (இலட்சியம் எங்கிருந்தெல்லாம் வருகிறது பாருங்கள்.)

மற்ற குழுக்கள் மெல்லிய மரத்தை இழைத்து இழைத்து மாதக்கணக்கில் அழகான விமானம் செய்தார்கள். ஒரு நாள் பறக்கும், விழும், உடையும். சரிசெய்ய மறுபடி மாதக்கணக்கு. மெக்கிரெடியின் விமானமோ பார்க்கச் சகிக்காது. அலுமினியக் குழாய், பியானோ கம்பி, பிளாஸ்டிக் தாள், ஒட்டும் டேப். இறக்கை ஏறத்தாழ 29 மீட்டர், ஆள் ஏறாமல் எடை 32 கிலோ. அது தினமும் விழுந்தது. ஆனால் மெதுவாகப் பறந்ததால் மெதுவாகவே விழுந்தது, டேப்பும் ஒரு புதுக் குழாயும் போட்டால் அன்றைக்கே மறுபடி ஏறிவிடலாம். மற்றவர்கள் ஒரு வருடத்தில் கற்றதை இவர்கள் ஒரு வாரத்தில் கற்றார்கள். 1977 ஆகஸ்ட் 23 அன்று சைக்கிள் வீரர் பிரையன் ஆலன் மிதித்து ஓட்ட, 'காசமர் காண்டோர்' எட்டுப் போட்டுக் காட்டியது. மெக்கிரெடி முதலில் டிசைன் செய்தது விமானத்தை அல்ல, விழுந்தால் சீக்கிரம் எழுந்திருக்கும் ஒரு வழியை.

சரி, கவருக்கு வருவோம். நோட்டீஸ் பேப்பரை வெட்டிப் பசை போட்டு ஒட்டினேன், உள்ளே மாத்திரைக்குப் பதில் புளிப்பு மிட்டாய். மருத்துவமனைத் திண்ணையில் காத்திருப்பவர்களிடம் கொடுத்து, "இதுல காலையில எதப் போடுவீங்க?" என்று மட்டும் கேட்டேன்.

காலைக்கு நான் வரைந்திருந்தது மலைக்கு மேல் எழும்பும் பாதிச் சூரியன். எனக்கு அது சந்தேகமில்லாமல் விடியல். ஆறு பேரில் நான்கு பேர் "பொழுது சாயுது, சாயங்காலம்" என்றார்கள். யோசித்தால் அவர்கள் சொல்வதுதான் சரி. காகிதத்தில் விடியலுக்கும் அந்திக்கும் என்ன வித்தியாசம்? ஐந்தாவது ஆள் ஒரு தாத்தா. இரண்டு மலை, நடுவில் சூரியன், உற்றுப் பார்த்துவிட்டு, "இது எந்தக் கட்சி ஆஸ்பத்திரி?" என்று கேட்டார். டாக்டர் காதுக்கு அது போன நிமிடமே சூரியன் அஸ்தமித்தது. பதிலுக்குச் சேவல் வரைந்தேன். சேவலைப் பார்த்து யாரும் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

ஒரு கலர் அச்சு என்ற தடை இங்கேதான் உதவிக்கு வந்தது. மையில் கலர் கிடையாது, காகிதத்தில் உண்டு. திருவிழாவுக்கும் தள்ளுபடிக்கும் பிட் நோட்டீஸ் அடிக்கிற மஞ்சள், ரோஸ், நீலத் தாள்கள் எந்த அச்சகத்திலும் கட்டுக்கட்டாக இருக்கும். காலைக்கு மஞ்சள், மதியத்துக்கு ரோஸ், ராத்திரிக்கு நீலம். திண்ணையில் எல்லோரும் சரியாக எடுத்தார்கள். வேலை முடிந்தது என்று நினைத்தேன். அப்போதுதான் சுவரில் ஒட்டிய வரி ஞாபகம் வந்தது: *ராத்திரி*. வீட்டுக்குப் போய் ஜீரோ வாட் பல்பு வெளிச்சத்தில் மூன்றையும் வைத்துப் பார்த்தேன். மஞ்சளும் ரோசும் ஒரே அழுக்கு நிறம்.

கண் கைவிடும்போது விரல் இருக்கிறது. காலைக் கவரின் மூடி நேராக இருக்கட்டும், மதியத்துக்கு ஒரு மூலை வெட்டு, ராத்திரிக்கு இரண்டு மூலையும் வெட்டு. கட்டிங் மெஷினில் கட்டோடு வைத்து இழுத்தால் மூலைக்கு ஒரே வெட்டு, கூடுதல் காசு வேண்டாம் என்றார் அச்சகக்காரர். இந்த வெட்டு பென்சில் கிறுக்கலில் எங்கேயும் இல்லை. இருட்டில் உட்கார்ந்ததால் வந்தது.

சோதிக்கும்போது விளக்கம் சொல்லாதீர்கள். அவர் தடுமாறினால் வாயை மூடிக்கொண்டு மனத்துக்குள் பத்து வரை எண்ணுங்கள், ரொம்பக் கஷ்டமான காரியம் இது. நீங்கள் விளக்கிச் சொன்ன ஒவ்வொன்றும் பொருளில் இல்லாதது என்று கணக்கு. நீங்கள் அவர் வீட்டுக்குக் கூடப் போகப்போவதில்லை.

தொழில்நுட்ப வேலையில் இதற்கு இணை, அளந்து பார்ப்பது. ரைட் சகோதரர்களின் 1901-ம் வருடக் கிளைடர், கணக்குப்படி வர வேண்டிய தூக்கு விசையில் மூன்றில் ஒரு பங்குதான் கொடுத்தது. இறக்கையை மட்டும் மாற்றிக்கொண்டிருக்காமல், எல்லோரும் நம்பிப் பயன்படுத்திய அட்டவணையையே சந்தேகப்பட்டார்கள். சைக்கிள் கடைக்குள் ஆறடி மரப்பெட்டியில் காற்றுச் சுரங்கம் செய்து, ரம்பத் தகட்டிலும் சைக்கிள் கம்பியிலும் தராசு செய்து, இருநூறு சின்னச் சின்ன இறக்கை வடிவங்களைச் சோதித்தார்கள். 1903 டிசம்பர் 17 அன்று பறந்தது அந்தப் பெட்டிக்குள் கிடைத்த எண்களை நம்பித்தான்.

படி 6: வெட்டுங்கள், ஆனால் பழக்கத்தை வெட்டாதீர்கள்

என் கவரில் ஒரு கட்டத்தில் சேவல், தட்டு, நிலா, எழுத்து, கட்டம், அம்புக்குறி, அலங்கார விளிம்பு, தொலைபேசி எண் எல்லாம் இருந்தன. ஒவ்வொன்றாக விரலால் மறைத்துப் பார்த்தேன். மறைத்தும் சரியாக எடுக்கிறார்கள் என்றால் அது போகலாம். படமும், 'காலை', 'மதியம்', 'இரவு' என்ற பெரிய எழுத்தும், அந்த வேளைக்கு மொத்தம் எத்தனை மாத்திரை என்று எழுத ஒரு பெரிய கட்டமும் மட்டும் மிஞ்சின. மூன்று கவரில் மூன்று எண் எழுதினால் போதும். ஐந்து மருந்துக்கு ஐந்து தடவை 1-0-1 எழுதுவதைவிட அக்காவுக்கு இது சுலபம்.

குறைப்பதில் எனக்குப் பிடித்த பாடம் நம் எழுத்திலேயே இருக்கிறது. 1978-ல் தமிழ்நாடு அரசு ஏற்ற எழுத்துச் சீர்திருத்தத்தில் 13 எழுத்துகள் மாறின. அதற்கு முன்னால் ணா, றா, னா மூன்றுக்கும் (இவற்றின் ஒகர, ஓகார எழுத்துகளுக்கும்) கால் தனியாகக் கிடையாது, எழுத்தோடு சேர்ந்த சுழி. ணை, லை, ளை, னை நான்குக்கும் முன்னால் யானைத் துதிக்கை மாதிரி ஒரு கொம்பு. பெரியார் தன் பத்திரிகையில் 1930களிலேயே மாற்றிக் காட்டியதுதான் இது. ஏன் இவ்வளவு சுலபமாக ஒட்டிக்கொண்டது? வாசகர் புதிதாக ஒன்றையும் கற்க வேண்டியிருக்கவில்லை. கா, தா, மா-வில் இருந்த அதே கால், கை, தை, மை-யில் இருந்த அதே குறி. விதிவிலக்குகள்தான் போயின. இகர, ஈகார, உகர, ஊகார வரிசைகளையும் மாற்றலாம் என்ற யோசனைகளும் வந்தன. அங்கே கண்ணுக்குப் பழகிய எழுபதுக்கும் மேற்பட்ட எழுத்துகள் உருமாறும் என்பதால் எதிர்ப்பு பலமாக இருந்தது, நடக்கவில்லை. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எவ்வளவு வெட்டலாம் என்ற அளவு தெரிகிறது.

படி 7: மறுப்பவரைத் தேடிப் போங்கள்

இதைச் சுருக்கமாக முடித்துவிடலாம். அச்சுக்குப் போகும் முன் வேலையில் ஓட்டை கண்டுபிடிக்கக்கூடிய ஆளிடம் காட்டுங்கள். நான் ஒரு மருந்தாளுநரிடம் காட்டினேன். இரண்டு நிமிடத்தில் இரண்டு ஓட்டை: அட்டையைப் பிரித்துத் தனி மாத்திரையாகப் போட்டால் பெயரும் காலாவதித் தேதியும் போய்விடும், நடுவில் டாக்டர் ஒரு மருந்தை நிறுத்தினால் எதை எடுப்பது என்று தெரியாது. அதனால் மாத்திரை அட்டையோடுதான் கவருக்குள் போக வேண்டும் என்று ஆயிற்று, கவரின் நீளத்தைக் கால் அங்குலம் கூட்டினேன். கோபம் வந்ததா என்றால் வந்தது. ஒரு டீ குடித்ததும் போய்விட்டது.

படி 8: கைமாறும் இடத்தில் நில்லுங்கள்

டிசைன் காகிதத்தில் முடிகிறது என்று நினைப்பவர்கள் ரூபாய்க் குறியை நினைத்துக்கொள்ளலாம். உதயகுமார் வரைந்த ₹ குறிக்கு 2010 ஜூலை 15 அன்று மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. ஆனால் அதைத் தட்டச்சு செய்ய, கணினிகளுக்கான பொது எழுத்துப் பட்டியலான யூனிகோடில் இடம் வேண்டும் (அந்த அக்டோபரில் கிடைத்தது), எழுத்துருக்களில் சேர வேண்டும், விசைப்பலகையில் வர வேண்டும். அதன் பிறகும் எத்தனையோ பில்களில் ரூபாய் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கட்டம்தான் அச்சானது.

கைமாறும்போது நடக்கும் சின்ன மாற்றம் உயிரையே எடுக்கும். அமெரிக்காவின் கான்சாஸ் நகரத்தில் ஹயாட் ரீஜென்சி ஹோட்டலின் கூடத்தில் ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு நடைபாலங்கள் தொங்கின. மூல வரைபடத்தில் கூரையிலிருந்து இறங்கும் ஒரே நீளக் கம்பி இரண்டையும் தாங்கியது. அவ்வளவு நீளத்துக்கு மரை போடுவது சிரமம் என்று, கூரையிலிருந்து மேல் பாலம் வரை ஒரு கம்பி, மேல் பாலத்திலிருந்து கீழ்ப் பாலம் வரை இன்னொரு கம்பி என்று மாற்றினார்கள். பார்வைக்கு ஒன்றும் மாறவில்லை. ஒரு கயிற்றில் இரண்டு பேர் தனித்தனியாகப் பிடித்துத் தொங்குவதை நினைத்துக்கொள்ளுங்கள். இப்போது கீழே இருப்பவர் கயிற்றை விட்டுவிட்டு மேலே இருப்பவரின் காலைப் பிடித்துத் தொங்குகிறார். மேலே இருப்பவரின் பிடிக்கு இரட்டைப் பாரம். புதிதாகக் கணக்குப் போட்டுப் பார்க்காமலே ஒப்புதல் போனது. 1981 ஜூலை 17 மாலை பாலங்கள் விழுந்து 114 பேர் இறந்தார்கள்.

என் விஷயத்தில் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, ஆனால் சங்கதி அதேதான். முதல் அச்சு நன்றாகப் போயிற்று. இரண்டாவது தடவை அடிக்கும்போது அச்சகத்தில் நீலத் தாள் தீர்ந்துபோய், என்னைக் கேட்காமல் பச்சையில் அடித்து அனுப்பிவிட்டார்கள். "கலர்ல என்ன சார் இருக்கு, வெட்டெல்லாம் கரெக்டா இருக்குதே" என்றார் போனில். ஒரு பாட்டி பச்சைக் கவரை நான்காவது வேளை என்று எடுத்துக்கொண்டு, அதை எப்போது போடுவது என்று கேட்கத் திரும்பி வந்திருக்கிறார். கேட்க வந்தது எங்கள் அதிர்ஷ்டம். ஆனால் தப்பு என் பேரில்தான். அச்சுப் பிளேட்டோடு ஒரு துண்டுக் காகிதம் வைத்திருக்க வேண்டும்: எதை மாற்றலாம், எதைக் கேட்காமல் மாற்றக் கூடாது, ஏன். அந்த 'ஏன்' ரொம்ப முக்கியம். நீலம் என்று மட்டும் எழுதினால் அது உங்கள் ரசனை என்று நினைப்பார்கள். "பாட்டிக்கு இதுதான் ராத்திரி" என்று எழுதினால் போன் பண்ணுவார்கள். செயலி எழுதும் புரோகிராமருக்குப் படம் அனுப்பும்போதும் இப்போது இப்படித்தான் எழுதி அனுப்புகிறேன்.

படி 9: ஆறு மாதம் கழித்துத் திரும்பிப் போங்கள்

யாரும் இதற்குக் காசு தர மாட்டார்கள், இருந்தாலும் போங்கள். சொல்லாமல் போவது நல்லது.

நான் போனபோது சேவல் கவர் வேலை செய்துகொண்டிருந்தது. ஒரு பாட்டியின் சுருக்குப் பையில் மஞ்சளும் நீலமும் ஓரம் நைந்து, துணி மாதிரி ஆகிக் கிடந்தன. அவர் கவரைத் தூக்கி எறிவதில்லை, திரும்ப வரும்போது கொண்டுவந்து அதிலேயே மாத்திரை வாங்கிக்கொள்கிறார். அப்படியென்றால் அடுத்த தடவை காகிதம் இன்னும் கனமாக இருக்க வேண்டும், கட்டத்துக்குள் எண்ணை அடித்து எழுத இடம் வேண்டும். குறித்துக்கொண்டேன்.

இன்னொன்றை நான் கணக்குப் போட்டே பார்க்கவில்லை. மூன்று கலரிலும் சமமாக அடித்திருந்தேன். ஆனால் நாள்பட்ட நோய்க்கு அந்தக் கடையில் போகும் மாத்திரைகள் பெரும்பாலும் காலையும் ராத்திரியும்தான். படி இரண்டில் ஸ்டூலில் உட்கார்ந்து 1-0-1 என்று எழுதுவதை இரண்டு நாள் பார்த்தவன் நான். நடுவில் இருந்த அந்தப் பூஜ்யம் என் கண்ணில் படவே இல்லை.

ரோஸ் கவர்கள் கட்டுக் கட்டாக அலமாரியின் மேல் தட்டில் தேங்கியிருந்தன. அக்கா அதில் ஒரு கட்டை இறக்கி, மூலை வெட்டிய பக்கத்தில் நூல் கோத்து, கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் தொங்கவிட்டிருந்தார். பின்பக்கத்தில் டாக்டர் பெயருக்குக் கீழே இருந்த வெற்றிடத்தில் பால் கணக்கு ஓடிக்கொண்டிருந்தது.